பதினேழாவது ரன்

ராத்தா எழுந்து போய் ஆய்வறைக் கதவைச் சாத்தியதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் கேன்டீனுக்குப் போயிருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு வந்தவள், ஒரு கால் ஆடுகிற அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என் கணினித் திரையில் நான் இரண்டு வாரமாகக் கொண்டாடிக்கொண்டிருந்த படம் இருந்தது. எவ்வளவு அடித்தாலும் சேதமாகாத உருக்கு ஒன்றை நான் கண்டுபிடித்திருந்தேன். ஆய்வில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பாபநாசத்துப் பெண்ணுக்கு அப்படி ஓர் உருக்கு வாய்த்ததே என்று எனக்கு நானே பூரித்துப்போயிருந்தேன். ராத்தா திரையை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"யார்கிட்டயாவது காட்டிட்டியா புள்ள?"

"இல்லைங்க ராத்தா. நாளைக்கு சார்கிட்டக் காட்டலாம்னு..."

"நல்லவேளை. ரொம்பக் கிட்ட வர்றப்போ ஒண்ணை ஒண்ணு தள்ளணும்ல, அந்த விசையை நீ ஃபைல்ல சேக்கவே இல்லை. அணுவெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்து போகுது பாரு. மறுபடி ஓட்டிடு. இந்த வாரம் என் முறையை நீ எடுத்துக்க. யாருக்கும் தெரிய வேண்டாம்."

கதவைச் சாத்தினாள் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. திறந்த கதவோடு நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தால் அவளை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். என் மானத்தையும் காப்பாற்றி, சர்வரில் தன் முறையையும் எனக்குத் தந்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல டிபன் பாக்ஸைத் திறந்து இடியாப்பத்தைப் பிய்த்தாள். பாதியை என் மூடியில் வைத்தாள். நான் நன்றி சொன்னேன். சொல்லும்போதே வயிறு எரிந்தது.

நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அணுஉலைக்குள் இருக்கிற உருக்கு சும்மா இருப்பதில்லை. நியூட்ரான்கள் அதன்மேல் ஓயாமல் வந்து மோதுகின்றன. ஒரு நியூட்ரான் ஓர் இரும்பணுவை அடித்தால், அந்த அணு பக்கத்து அணுவை இடிக்கும், அது அடுத்ததை இடிக்கும். ஒரு வினாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் துணுக்கில், பத்து இருபது துணுக்குக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதற்குள் ஆயிரக்கணக்கான அணுக்கள் இடம் மாறி, பெரும்பாலானவை எங்கேயோ ஒரு காலியிடத்தில் போய் அமர்ந்துவிடும். அமராமல் போனவைதான் வில்லங்கம். சில இடங்கள் காலியாகவே நிற்கும், சில இடங்களில் அணு கூடுதலாக நெருக்கும். காலியிடங்கள் வருடக்கணக்கில் ஒன்று சேர்ந்தால் உருக்கு ஊதும், நொறுங்கும். இதை எந்த நுண்ணோக்கியிலும் நடக்கும்போதே பார்க்க முடியாது. அதனால் கணினிக்குள் ஒரு பெட்டியில் சில லட்சம் அணுக்களை அடுக்கி, ஒன்றை மட்டும் வேகமாகத் தட்டிவிட்டு, என்ன ஆகிறதென்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். அப்படி ஒரு தடவை தட்டிப் பார்ப்பதை நாங்கள் ரன் என்போம். ஒரு ரன் முடிய இரண்டு மூன்று நாள் ஆகும். சர்வர் ஒன்று, ஆட்கள் பலர், ஆகவே எல்லாவற்றுக்கும் வரிசை.

ராத்தாவின் ஊர் முத்துப்பேட்டை. திங்கட்கிழமை விடிகாலை மன்னார்குடி வழியாகப் பஸ் பிடித்துத் தஞ்சாவூர் வருவாள், வெள்ளிக்கிழமை காலையே திரும்பிப் போய்விடுவாள். இடையில் பல்கலைக்கழகத்துக்கு எதிரே ஒரு மாடியறையில் வாசம். என்னைவிட ஏழு வயது பெரியவள். கல்யாணமாகி, கணவர் சவூதியில் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். பிள்ளை பெற்று, அதை வளர்த்து, பிறகு எம்.எஸ்ஸி. முடித்து, அப்புறம்தான் ஆய்வுக்கு வந்தாள். அவளுடைய தங்கை போனில் "ராத்தா, ராத்தா" என்று கூப்பிடுவது அறை முழுக்கக் கேட்கும். அதைக் கேட்டுக் கேட்டு நாங்கள் எல்லோருமே அக்கா என்பதை விட்டு ராத்தா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். நேரில் நான் "வாங்க ராத்தா, சொல்லுங்க ராத்தா" என்றுதான் பேசுவேன். மனதுக்குள் மட்டும் எப்போதும் "அவள்"தான். இங்கே மனதில் இருந்ததையே எழுதுகிறேன், மரியாதைக் குறைவாகத் தோன்றினால் அது என்னுடைய குறைவு.

பொறாமைக்குக் காரணம் கேட்டால் ஒன்றும் சரியாகச் சொல்ல வராது. நான் தங்கப்பதக்கம் வாங்கினவள். அவள் இரண்டாம் முயற்சியில் நுழைவுத்தேர்வு தேறினவள். நான் இரண்டு நாளில் எழுதுகிற கணினி ஸ்கிரிப்டை அவள் ஒரு வாரம் எழுதுவாள், அதிலும் நடுவில் என்னிடம் வந்து கேட்பாள். ஆங்கிலம் எனக்குத்தான் நன்றாக வரும். இத்தனையும் இருந்தும், அறைக்குள் வந்ததும் சார் முதலில் எட்டிப் பார்ப்பது அவளுடைய திரையைத்தான். சார் என்றால் எங்கள் ஆய்வு வழிகாட்டி. "அவங்களுக்குப் பாக்கத் தெரியும்மா" என்று என்னிடமே ஒரு தடவை சொன்னார். எனக்கு என்ன தெரியும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றைக்கு மாலை பாபநாசம் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் அய்யம்பேட்டை தாண்டும்வரை வெளியே ஒன்றும் கண்ணில் படவில்லை.

அவளுக்குப் பார்க்கத் தெரியும் என்பது உண்மைதான். நாங்களெல்லாம் ரன் முடிந்ததும் ஸ்கிரிப்டை ஓட்டி எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். எத்தனை காலியிடம், எத்தனை கூடுதல் அணு, அவ்வளவுதான். அவள் அப்படியில்லை. இடம் பெயர்ந்த அணுக்களை மட்டும் வெள்ளைப் புள்ளிகளாக வைத்துக்கொண்டு, பெட்டியை மேலிருந்து பார்க்கிற கோணத்தில் நிறுத்தி, ஒவ்வொரு படமாக நகர்த்துவாள். முக்காட்டின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் பார்ப்பாள். "இது எந்திரிச்சுப் போயி அங்க உக்காந்துச்சு, அவ இடத்தை இவ புடிச்சுட்டா" என்று அணுக்களைப் பற்றி நாத்தனார்களைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவாள். எங்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் எண்ணிக்கையில் சிக்காத விஷயங்கள் அவளிடம் சிக்கின.

இரும்பில் கூடுதலாக வந்த அணு தனியாக ஒரு மூலையில் நிற்பதில்லை, ஏற்கெனவே இடம் பிடித்திருக்கிற ஓர் அணுவோடு சேர்ந்து ஒரே இருக்கையை இரண்டும் பகிர்ந்துகொள்ளும். புதிதாக வந்த மாணவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க சார் கரும்பலகையில் கோடு கோடாகப் போட்டுத் திணறிக்கொண்டிருந்த ஒரு நாள், ராத்தா இருந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "எங்க ஊர் கல்யாணத்துல இலை போட மாட்டாங்க சார். சஹன்னு ஒரு பெரிய தட்டு, அதுல நாலு பேர் சேந்து உக்காந்து சாப்புடுவோம். அஞ்சாவதா ஒருத்தி வந்தா அவளுக்குன்னு புதுசாத் தட்டு வராது. எல்லாரும் கொஞ்சம் ஒதுங்கி இடம் குடுக்கணும். நெருக்கியடிச்சுக்கிட்டுத்தான் சாப்புடணும். அதான் இது." சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த வருடத்திலிருந்து அவர் எங்கே பாடம் எடுத்தாலும் சஹன் வந்தது, "எங்க மாணவி ஒருத்தங்க சொன்னது" என்ற அறிமுகத்தோடு. அதைப் பற்றிப் பதினைந்து பக்க அறிக்கை எழுதிக் கொடுத்த நானும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சஹனில் நானும் சாப்பிட்டிருக்கிறேன். அவளுடைய தங்கை கல்யாணத்துக்கு முத்துப்பேட்டை போயிருந்தேன். தாளடி அறுப்பு முடிந்த சமயம், வழியெல்லாம் ரோட்டின் பாதியில் நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள், பஸ் மறுபாதியில் ஊர்ந்தது. பெரிய தட்டைச் சுற்றி ராத்தா, அவளுடைய மாமியார், பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, நான். நான் பேசிக்கொண்டே சாப்பிடுகையில் என் பக்கத்துச் சோறு குறையவேயில்லை. என்னவென்று பார்த்தால், ராத்தாவும் மாமியாரும் நல்ல துண்டுகளாகப் பார்த்து விரலால் என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். விருந்தாளிக்குத் தெரியாமல் தள்ளுவதுதான் அங்கே வழக்கமாம். சாப்பிட்டு முடித்தபின் மாமியார் என்னிடம் சொன்னார்: "இவளுக்கு ஃபாரின்ல படிக்கக் கூப்புடுறாங்களாமே, நெசமா? வந்தா போகட்டும். பிள்ளையை நான் பாத்துக்குறேன். மவன்கிட்டயும் சொல்லிட்டேன்." கறித்துண்டையெல்லாம் மறந்துவிட்டேன், அந்த வார்த்தையை மட்டும் மறக்கவில்லை. எங்கள் வீட்டில் அம்மா என்னிடம் வாரத்துக்கு ஒரு ஜாதகத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். போய்விட்டு வா என்று என் வீட்டில் யாரும் சொன்னதில்லை. புர்கா போட்டுக்கொண்டு பஸ்ஸில் வருகிறவளுக்கு அவ்வளவு சுதந்திரம், ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வருகிற எனக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தபடியே ஊர் திரும்பினேன்.

மாமியார் கேட்ட அந்த வெளிநாட்டு வேலை உண்மைதான். குளிர்தேசத்து ஆய்வகம் ஒன்றில் இரண்டு வருட ஆராய்ச்சிப் பணி. அதற்கு எங்கள் சாரிடம் ஒரே ஒரு பெயரைக் கேட்டிருந்தார்கள். அங்கிருந்து ஒரு பேராசிரியர் வரப்போகிறார், நாங்கள் இருவரும் அவர் முன்னால் பேச வேண்டும், பிறகு பெயர் போகும் என்று ஏற்பாடு. எங்கள் இருவருக்கும் ஆய்வேடு முடிகிற கட்டம். ராத்தாவுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது, இன்னொரு வாய்ப்பு வரும்வரை குடும்பம் காத்திருக்காது. எனக்கு இது கிடைக்காவிட்டால் ஜாதகங்களில் ஒன்று பொருந்திவிடும். இரண்டு பேருக்கும் தேவை, இடம் ஒன்று.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய பதினேழாவது ரன் வந்தது. இரும்பும் குரோமியமும் கலந்த ஓர் உலோகக் கலவையில் அவள் இருபத்துநாலு ரன் ஓட்டினாள். இருபத்துமூன்று சாதாரணம். பதினேழாவதில் மட்டும், ஒரே அடியில், காலியிடங்கள் ஒரு பெரிய கூட்டமாகச் சேர்ந்திருந்தன. அந்தக் கலவையில் அப்படி ஆகுமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சார் அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் நின்று அரை மணி நேரம் பார்த்தார். அவளுடைய பேச்சே இனி அந்த ரன்னைச் சுற்றித்தான் என்று அன்றைக்கே முடிவாயிற்று. நான் "சூப்பர் ராத்தா" என்றேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு, "அல்லா குடுத்தது புள்ள, நான் என்ன செஞ்சேன், சும்மா தட்டிவிட்டேன்" என்றாள். அடக்கமாகப் பேசினால் பொறாமை குறையும் என்று யார் சொன்னது? கூடியது.

மறுநாள் அவளுடைய பதினேழாவது ரன்னின் ஃபைலை என் ஃபோல்டருக்குக் காப்பி செய்துகொண்டேன். சர்வரில் எல்லோருடைய ஃபைலையும் எல்லோரும் பார்க்கலாம், அதில் திருட்டு ஒன்றுமில்லை. ஏன் எடுத்தேன் என்று கேட்டால், கற்றுக்கொள்ளத்தான் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். குறை தேடத்தான் எடுத்தேன். மேலிருந்து பார்த்தால் எல்லாம் அவள் சொன்னபடியே இருந்தது. சலித்துப்போய், வேறு வேலை இல்லாமல், படத்தைப் பக்கவாட்டில் திருப்பினேன்.

எங்கள் பெட்டிக்கு ஒரு விதி உண்டு. சில லட்சம் அணுக்களை வைத்துக்கொண்டு முடிவில்லாத உலோகம்போல நடிக்க வேண்டும் என்பதற்காக, கூரை வழியாக வெளியே போகிற அணு தரை வழியாக உள்ளே வரும்படி வைத்திருப்போம். இடது பக்கம் போனது வலது பக்கம் வரும். சாதாரணமாக இதில் தொல்லை இல்லை, மோதல் பெட்டியின் நடுவிலேயே அடங்கிவிடும். ஆனால் அபூர்வமாக ஓர் அணு, வரிசைகளுக்கு நடுவே இருக்கிற சந்தில் புகுந்து, யார்மேலும் படாமல் நேராக ஓடிவிடும். பதினேழாவது ரன்னில் ஓர் அணு அப்படி நேராக மேலே ஓடி, கூரையைத் தாண்டி, தரை வழியாக உள்ளே வந்து, இன்னும் கொதித்துக்கொண்டிருந்த தன்னுடைய பழைய இடத்திலேயே போய் மோதியிருந்தது. அவள் பார்த்த பெரிய கூட்டம் அந்த இரண்டாவது மோதலால் வந்தது. நிஜ உருக்கில் அது நடக்காது, எங்கள் பெட்டிக்குள் மட்டும்தான் நடக்கும். மேலிருந்தே பார்க்கிறவளுக்கு, நேர் மேலே ஓடுகிற புள்ளி அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதாகத்தான் தெரியும். பார்க்கத் தெரிந்தவள் பார்த்த கோணத்தில் அது இல்லவே இல்லை.

எனக்கு அப்போது ஏற்பட்ட சந்தோஷத்தை எதோடு ஒப்பிடுவதென்று தெரியவில்லை. தங்கப்பதக்கம் வாங்கியபோதுகூட அப்படி இல்லை. எழுந்து கதவைச் சாத்திவிட்டு, அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரே நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். பேச்சுக்கு மூன்று வாரம் இருந்தது. பெட்டியைப் பெரிதாக்கி மறுபடி ஓட்டியிருப்பாள், மற்ற ரன்களை வைத்து வேறு மாதிரிப் பேசியிருப்பாள். தினமும் சொல்லிவிடலாம் என்றுதான் போவேன். போனால் அவள் சாருடன் பேசிக்கொண்டிருப்பாள், சார் சிரித்துக்கொண்டிருப்பார், சரி நாளைக்கு என்று உட்கார்ந்துவிடுவேன். அவளே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று ஒரு நாள். இது என் வேலையில்லை என்று ஒரு நாள். ஒரு தடவை அவளே என் மேசைக்கு வந்து, "என்ன புள்ள, ஏதாச்சும் சொல்லணுமா?" என்றாள். "ஒண்ணுமில்லைங்க ராத்தா" என்றேன். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

பேச்சு நாளன்று அரங்கு நிரம்பியிருந்தது. முதலில் நான் பேசினேன், சுமாராகத்தான். அடுத்து அவள். புதிதாகத் தைத்த கருப்புப் புர்காவில் வந்திருந்தாள், மகள் வரைந்து கொடுத்த அணு ஒன்றைக் கடைசிப் படமாகச் சேர்த்திருந்தாள். ஆங்கிலம் தடுமாறினாலும் அரங்கு அவளோடு போயிற்று. பதினேழாவது ரன் திரையில் ஓடியபோது, வெளிநாட்டுப் பேராசிரியர் முன்னால் சாய்ந்தார். கேள்வி நேரத்தில் நான் கையைத் தூக்கினேன். இந்தப் படத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்ட முடியுமா என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். அதற்குமேல் ஒரு சொல் தேவைப்படவில்லை.

அவள் திருப்பினாள். ஒரு வெள்ளைப் புள்ளி கூரையைத் தாண்டிப் போய்த் தரையிலிருந்து வருவதை அரங்கு முழுவதும் பார்த்தது. ராத்தா மவுஸைப் பின்னால் நகர்த்தி இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். பிறகு, இந்த ரன் செல்லாது, இதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்று நிதானமாகச் சொல்லி, மீதி இருபத்துமூன்றைப் பற்றிப் பேசி முடித்தாள். வெளியே தாழ்வாரத்தில் என்னைப் பார்த்ததும் நின்றாள். "நல்ல கேள்வி" என்றாள். "இப்பத்தாங்க ராத்தா தோணுச்சு, நீங்க காட்டிக்கிட்டு இருந்தப்போ" என்றேன். தலையசைத்தாள். போய்விட்டாள்.

அந்த ஆய்வகத்துக்கு என் பெயர்தான் போயிற்று. "தப்பைக் கண்டுபிடிக்கிற கண்ணு உனக்கு இருக்கும்மா" என்று சார் சொன்னார். நாலு வருடமாக எந்த வார்த்தைக்கு ஏங்கினேனோ அதே வார்த்தை. வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்தக் குளிர்தேசத்தில் இரண்டு வருடம் இருந்தேன். நல்ல கட்டுரைகள் எழுதினேன். ராத்தாவுக்கு நாலைந்து மெயில் போட்டேன், பதில் வரவில்லை. அவள் ஆய்வேட்டை முடித்து மன்னார்குடியில் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். ஊரோடு, வீட்டோடு, மகளோடு இருக்கிறாள், கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொண்டேன். நம்ப மாட்டீர்கள், அவளுடைய இடத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் உட்கார்ந்த பிறகும், பனியைப் பார்த்துக்கொண்டு, அவள்மேல்தான் பொறாமைப்பட்டேன்.

நான் தஞ்சாவூருக்கே திரும்பி, அதே துறையில் ஆசிரியையாகி இப்போது சில வருடங்கள் ஆகின்றன. போன மாதம் ராத்தாவிடமிருந்து போன் வந்தது. அவளுடைய கல்லூரியில் மாணவர்களுக்கு ஒரு பயிலரங்கு, வந்து பேச முடியுமா என்று கேட்டாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை. போனேன். மாணவிகள் முப்பது நாற்பது பேர் பழைய கணினிகளின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ராத்தாவுக்கு இப்போது மூக்குக்கண்ணாடி. என்னை அறிமுகப்படுத்தும்போது சொன்னாள்: "ரன் முடிஞ்சதும் மூணு பக்கமும் திருப்பிப் பாத்து, சுவரைத் தாண்டின அணு இருந்தா அந்த ரன்னைத் தூக்கிப் போடணும்னு உங்களுக்குச் சொல்லிக்குடுத்திருக்கேன்ல? அதை எனக்குக் காட்டிக்குடுத்தது இவங்கதான்." மாணவிகள் கை தட்டினார்கள். ஒருத்தி, "இந்த மேடம் பேராலதான் நாங்க அந்தச் செக்கிங்கைச் சொல்லுவோம்" என்றாள். அன்றைக்கு நான் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை.

பேச்சு முடிந்ததும் ஆசிரியர் அறையில் இருவர் மட்டும் இருந்தோம். பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றினாள். இனியும் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"ராத்தா, அன்னைக்கு அரங்குல எனக்குத் தோணலை. மூணு வாரம் முன்னாடியே தெரியும். வேணும்னுதான் சொல்லாம இருந்தேன்."

"தெரியும்" என்றாள். டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "சர்வர்ல இடம் பத்தலைன்னு சார் என்னையத்தானே யாரு யாரு ஃபோல்டர் பெருசா இருக்குன்னு பாக்கச் சொல்லியிருந்தாரு. உன் ஃபோல்டர்ல என்னோட பதினேழு கெடந்துச்சு, தேதியோட."

"அப்பவே தெரியுமா?"

"நீ எடுத்தது அப்பவே தெரியும். பேச்சுக்கு மூணு வாரம் முன்னாடி."

"ஏன் என்னைக் கேக்கலை?"

"வந்து கேட்டேனே, ஏதாச்சும் சொல்லணுமான்னு. ஒண்ணுமில்லைன்னே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "எனக்கு உன் மேல கோவமே இல்லைன்னு நெனைச்சுடாத. உன் மெயில் ஒண்ணையும் திறக்கலை. மாமியா மவுத்தாயி அடக்கம் பண்ணினப்பக்கூட உனக்குச் சொல்லலை. பிள்ளைங்களுக்கு உன் பேரைச் சொல்றது வேற. நீ காட்டினது சரி, அதை மறைக்க முடியாது."

துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அவளே தொடர்ந்தாள்.

"சார் ரெண்டு தடவை கேட்டாரு, நல்லா சரிபாத்தாச்சான்னு. நான் பாத்தது ஒரு பக்கம்தான், எனக்கே தெரியும். மறுபடி பாத்திருப்பேன். ஆனா நீ எடுத்துப் பாத்திருக்க, ஒண்ணுமில்லைன்னும் சொல்லிட்ட. எங்க எல்லாரையும்விட கவனமா பாக்குறவ நீதான்னு எனக்கு எப்பவும் ஒரு நெனப்பு. நீ பாத்து ஒண்ணுமில்லைன்னா ஒண்ணும் இருக்காதுன்னு, 'பாத்தாச்சு சார்'னு சொல்லிட்டேன்."

தஞ்சாவூர் பஸ்ஸில் நடு இருக்கைதான் கிடைத்தது. சார் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நான் நாலு வருடம் காத்திருந்த சொல்லை, அவள் அப்போதே மனதுக்குள் சொல்லிவைத்து, அதை நம்பித் தன் இடத்தையே பணயம் வைத்திருக்கிறாள். கவனமாகப் பார்க்கிறவள், பார்த்ததைச் சொல்லிவிடுகிறவள் என்று ஒருத்தியை அவள் மனதுக்குள் கற்பனை செய்து, எனக்குப் பதிலாக அந்த ஆய்வறையில் உட்காரவைத்திருந்தாள். அந்த ஒருத்தியை ராத்தா நம்பியதுபோல என்னை யாரும் நம்பியதில்லை. ராத்தாமேல் இல்லை, அந்த ஒருத்திமேல்தான் எனக்கு இப்போது பொறாமையாக இருக்கிறது.